கூடு விட்டுக் கூடு பாயும் பாடகர்கள்: இது நடிப்பா, மிமிக்ரியா?

2025 அக்டோபர் 4 (ஒரு வாசகரின் கேள்வி)

ஹாலிவுட் நடிகையும் பாடகியுமான ஜூடி கார்லண்ட், பில்லி ஹாலிடே, டினா டர்னர், மைக்கேல் ஜாக்சன் என்று வாழ்க்கையில் அடிபட்ட கலைஞர்களாகத் தேடிப் பிடித்து மியூசிக்கல், அதாவது இசை நாடகம், போடுகிறார்கள். அசல் குரல்தான் ரெக்கார்டில் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டுப் போகலாமே? என்னைப் பொறுத்தவரை இது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மிமிக்ரி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

அக்டோபர் 4, இரவு

மறுக்கிறேன். 2011 தொடக்கத்தில் லண்டன் போயிருந்தபோது, ட்ரஃபால்கர் ஸ்டூடியோஸ் அரங்கில் ட்ரேசி பென்னட் ஜூடி கார்லண்டாக நடித்ததைப் பார்த்தேன். நாடகத்தின் பெயர் 'எண்ட் ஆஃப் த ரெயின்போ'. கதை நடப்பது 1968 டிசம்பரில். டாக் ஆஃப் த டவுன் என்ற கேளிக்கை அரங்கில் ஐந்து வாரம் பாட ஒப்புக்கொண்டு கார்லண்ட் லண்டன் வந்திருக்கிறார். கையில் காசில்லை. மாத்திரை போடாமல் எழுந்து நிற்க முடியாது, போட்டாலும் நேராக நிற்க முடியாது. அடுத்த ஆண்டு ஜூன் 22 அன்று அதே ஊரில் இறந்துபோனார். வயது 47.

நானும் மிமிக்ரியை எதிர்பார்த்துத்தான் போனேன். முதல் அரைமணி நேரம் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வீசுவது சரியா, மைக் வயரைத் தோளில் போட்டுக்கொள்வது சரியா என்று. அப்புறம் எப்போது ஒப்பிடுவதை விட்டேன் என்றே தெரியவில்லை. ஓட்டல் அறையில் 'என்னால் முடியாது' என்று தரையில் சரிந்து கிடந்தவர், அறை மறைந்து வாத்தியக் குழு தெரிந்ததும் முழுத் தொண்டையில் பாடுகிறார். நாங்கள் அடித்துப் பிடித்துக் கைதட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் அறையில் அழுததைப் பார்த்தவர்கள் நாங்கள். இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று அவரைத் துரத்துகிற 1968-ஆம் ஆண்டுக் கூட்டமும் நாங்களே.

ரெக்கார்டு கேட்கும்போது இந்தக் குற்றவுணர்ச்சி வராது.

அக்டோபர் 5

இன்னொரு சாட்சி, அமெரிக்க மேடை நடிகை ஆட்ரா மெக்டொனால்ட். ஜூலியார்ட் கலைப்பள்ளியில் செவ்வியல் பாட்டு படித்தவர், சுத்தமான சொப்ரானோ (பெண்களின் உச்சஸ்தாயிக் குரல்). ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் கடைசிக் காலக் குரலோ வீச்சு சுருங்கி, கரகரத்து, பாதிப் பேச்சு பாதிப் பாட்டு என்று ஆகிவிட்ட குரல். இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம்! 2014-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 'லேடி டே அட் எமர்சன்ஸ் பார் அண்ட் கிரில்' போட்டபோது அந்தத் தூரத்தை அவர் கடந்தார். மியூசிக்கலில் சிறந்த நடிகைக்கான டோனி விருது (பிராட்வே மேடைக்கான பெரிய விருது) கிடைத்தது, அவருக்கு ஆறாவது டோனி. எனக்கு மேடையில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பின்னாளில் தொலைக்காட்சிக்காக எடுத்த பதிவைத்தான் பார்த்தேன்.

நாடகம் ஒரே ஓர் இரவு. 1959 மார்ச், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சின்ன மதுக்கூடம், பெரிய கூட்டமும் இல்லை. பில்லி ஹாலிடே ஏன் அங்கே வந்து பாட வேண்டும்? 1947-இல் போதைமருந்து வழக்கில் சிறை சென்றதும், நியூயார்க் கேளிக்கை விடுதிகளில் பாடுவதற்கான அனுமதி அட்டை அவருக்கு இல்லாமல் போனது. விடுதலையாகி வந்து 1948-இல் கார்னெகி ஹாலில் பாடினார், அரங்கு நிரம்பி வழிந்தது. ஆனால் மது விற்கிற ஒரு சின்ன விடுதியில் அதே ஊரில் பாட முடியாது. ஜாஸ் பாடகருக்குச் சோறு போடுவதே அந்த விடுதிகள்தான். ஆட்ரா இதை மேடையில் பேசும்போது கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார். குடித்துவிட்டு ஒரு பழைய கதையைப் பத்தாவது முறை சொல்பவரின் சிரிப்பு அது. மிமிக்ரி செய்பவர் அந்த இடத்தில் பாட்டுக்குத் தாவியிருப்பார்.

அக்டோபர் 5, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு தவறு. ஆட்ராவுக்குக் கிடைத்தது *நாடகத்தில்* சிறந்த நடிகை விருது. அந்த விருதோடுதான் மேடை நடிப்புக்கான நான்கு டோனி பிரிவுகளிலும் வென்ற முதல் நபர் ஆனார். நான் சொன்ன 'எண்ட் ஆஃப் த ரெயின்போ'வும் 2012-இல் பிராட்வே போனபோது நாடகம் என்றே போட்டியிட்டது. ஆக, மியூசிக்கலுக்கு வக்காலத்து வாங்க நான் கொண்டுவந்த இரண்டு சாட்சிகளும் கணக்குப்படி மியூசிக்கலே இல்லை!

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வழக்கமான மியூசிக்கலில் மனசில் உள்ளது பேச்சுக்கு அடங்காதபோது பாத்திரம் பாட ஆரம்பிக்கும். இந்த இரண்டிலும் பாட்டு என்பது வேலை. மணி அடித்தால் போய்ப் பாடியாக வேண்டிய பிழைப்பு. உண்மை பாட்டுக்கு வெளியே, இரண்டு பாட்டுக்கு நடுவே கிடக்கிறது.

அக்டோபர் 9

'உடைந்த குரலில் தினமும் பாடினால் நடிப்பவரின் தொண்டை என்ன ஆகும்' என்று கேட்டிருக்கிறார்கள். இதற்கு நான் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அமெச்சூர் குழுவின் நாடகத்தில் எனக்குக் குடிப்பழக்கத்தால் குரல் இழந்த ஒரு பாடகி வேஷம். கற்பனைப் பாத்திரம். மூன்று பாட்டு. நான் செய்தது என்னவென்றால், வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தொண்டையை இறுக்கி இறுக்கிக் கரகரப்பை வரவழைத்தேன். ஒத்திகையில் எல்லோரும் 'அப்படியே இருக்கிறது' என்றார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது காட்சி முடிந்த மறுநாள் காலையில் 'காபி போடவா' என்று கேட்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நான்காவது காட்சி ரத்தானது. மேல் ஸ்தாயி திரும்பி வர ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரமும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். முதல் நாள் அவர் கொடுத்தது அரை டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும். ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருக்க வேண்டும். உதட்டால் கவ்விக்கொண்டு 'ஊ' என்று மெல்ல ஒலி எழுப்ப வேண்டும். தண்ணீரில் குமிழ்கள் ஒரே சீராகக் கொப்பளித்தால் மூச்சு சீராக இருக்கிறது என்று அர்த்தம். என் குமிழ்களோ நிற்கும், திடீரென்று பொங்கும், மறுபடி நிற்கும். டம்ளரைப் பார்த்தாலே என் பாட்டின் லட்சணம் தெரிந்தது. வாயருகே குறுகலாக இருப்பதால் காற்று பின்னால் தேங்கி, குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகிற வேகத்தைக் குறைக்கிறது, அதுதான் அதன் சூட்சுமம் என்றார். ரகசியம் பேசுவதையும் தடை செய்தார். ரகசியக் குரல் தொண்டைக்கு ஓய்வு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடைந்த குரலை எப்படிச் செய்வது என்றும் அவரிடமே கேட்டேன். கரகரப்பைப் பாட்டு முழுக்க வைக்காதே, வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் மூச்சைக் கசியவிடு என்றார். சுரத்தைக் கீழே தொட்டுவிட்டு மேலே வா. ஒரு சொல்லுக்கு முன்னால் கேட்பவர் பயப்படும் அளவு தாமதி. மீதியை அவர்கள் காதே நிரப்பிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆட்ராவின் பதிவை மறுபடி பார்த்தேன். இப்போது கைவேலை தெரிந்தது. அவர் குரல் உடையவில்லை. உடையப் போகிறதோ என்று நம்மைத்தான் பதற வைக்கிறார்.

அக்டோபர் 12

பிராட்வேயிலும் லண்டனிலும் வழக்கமான கணக்கு வாரத்துக்கு எட்டுக் காட்சி. சில நாட்களில் பகல் ஒன்று, இரவு ஒன்று. ஹியூ ஜாக்மன் 'த பாய் ஃப்ரம் ஆஸ்' நாடகத்தில் பாடகர் பீட்டர் ஆலனாக 2003 அக்டோபர் முதல் 2004 செப்டம்பர் வரை நடித்தார். கிட்டத்தட்ட நாடகம் முழுக்க மேடையிலேயே இருக்கிற வேஷம். ஆட்டம், பாட்டு, பியானோ, பார்வையாளர்களோடு பேச்சு. ஆலனின் வாழ்க்கையும் லேசுப்பட்டதில்லை. ஆஸ்திரேலியாவின் டென்டர்ஃபீல்டில் பிறந்த பையன், அப்பா தற்கொலை செய்துகொண்டார், ஜூடி கார்லண்டின் கண்ணில் பட்டு அவர் மகள் லைசா மினெல்லியைக் கல்யாணம் செய்து பிரிந்தார், 1992-இல் எய்ட்ஸ் நோயால் 48 வயதில் போய்ச் சேர்ந்தார். இதை ஒரு காட்சிகூடத் தவறாமல் ஜாக்மன் நடித்துக் கொடுத்தார். அவர் விலகியதும் நாடகத்தையே மூடிவிட்டார்கள். டோனியும் அவருக்குத்தான்.

நடிகன் என்றால் இப்படி இருக்க வேண்டும். டிக்கெட்டில் ஒரு பெயரைப் போட்டுவிட்டு வாசலில் 'இன்று இன்னொருவர் நடிக்கிறார்' என்று ஒரு சீட்டை நீட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

அக்டோபர் 13

நேற்றைய கடைசிப் பத்திக்கு நிறையப் பேர் 'ஆமாம்' போட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதைப் படிக்கப் படிக்க நெருடுகிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

அக்டோபர் 20

நெருடியதற்குக் காரணம் இதுதான். அந்தச் சீட்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

2019, லண்டன் ஆல்ட்விச் அரங்கம், 'டினா'. அக்காவோடு போனேன். நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் ஒரு துண்டுத்தாள்: இந்தக் காட்சியில் டினா டர்னராக நடிப்பவர் இன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா, "பாட்டு ஆரம்பிக்கட்டும்டி, அப்புறம் கோவிச்சுக்கோ" என்றாள்.

1976-இல் டல்லஸ் நகரில், அடித்துத் துவைத்த கணவனிடமிருந்து டினா தப்பி ஓடினார். கையில் 36 சென்ட். ரத்தம் தோய்ந்த உடையோடு ஓர் ஓட்டலில் போய் அறை கேட்டார். மேடையில் அந்தப் பெண் அறை கேட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. கெஞ்சவில்லை. கடன் சொல்லிப் பழக்கமே இல்லாத ஒருவர் முதல் முறை கடன் சொல்வது போல, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, முடித்தார். பெரிய பெயர் இல்லாததால் நானும் பெயரைப் பார்க்காமல் டினாவை மட்டும் பார்த்தேன் போலிருக்கிறது. கடைசியில் அரங்கமே எழுந்து ஆடியது. அக்கா என்னை விட நன்றாக ஆடினாள்.

அதன் பிறகும் அக்டோபர் 12 குறிப்பை எப்படி எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. பழக்கம்தான்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-இல் நைஜீரிய இசைக் கலைஞர் ஃபேலா குட்டியின் கதை பிராட்வே வந்தபோது, பாட்டும் ஆட்டமும் ஓர் ஆள் தாங்குவதில்லை என்று சாஹ்ர் இங்காவுஜா, கெவின் மாம்போ என்ற இருவரும் வேஷத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2022-இல் 'ஃபன்னி கேர்ள்' மறுதயாரிப்பில் அந்தக் கால நகைச்சுவை நடிகை ஃபேனி ப்ரைஸாக நடித்த பீனி ஃபெல்ட்ஸ்டீன் ஜூலையில் விலகினார். லியா மிஷேல் செப்டம்பரில் வரும்வரை ஒரு மாதம் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியவர் மாற்று நடிகை ஜூலி பென்கோ. அதன் பிறகு வியாழக்கிழமை என்றால் பென்கோதான் ஃபேனி. அவரைப் பார்ப்பதற்கென்றே வியாழக்கிழமை டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

ஜாக்மன் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் 'ஒரு நாளும் லீவு போடாதவர்' என்பதற்காக அவரைப் புகழ்ந்தேனே, அது கார்லண்டைத் தின்ற அதே நியாயம். பதின்ம வயதில் ஸ்டூடியோவில் வேலை செய்வதற்கு ஒரு மாத்திரை, தூங்குவதற்கு ஒரு மாத்திரை என்று கொடுத்தார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை மேடையில் பார்த்துக் கண்ணீர் விடுகிறோம். நடித்துக் காட்டுகிறவருக்குத் தொண்டை கட்டினால் சீட்டைக் கசக்கி எறிகிறோம்.

நவம்பர் 2

'யார் கதையை யார் சொல்கிறார்கள்' என்றும் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மைக்கேல் ஜாக்சனைப் பற்றிய மியூசிக்கல் 'எம்ஜே' 1992-இல், அவருடைய டேஞ்சரஸ் இசைச் சுற்றுப்பயண ஒத்திகையில் நடக்கிறது. ஜாக்சன் மீது சிறுவர் தொடர்பான குற்றச்சாட்டு வெளிவந்தது 1993-இல். கதை எங்கே நிற்கிறது பாருங்கள். தயாரிப்பில் அவருடைய சொத்து நிர்வாகத்தின் பங்கு உண்டு. ஜாக்சனாக நடித்த மைல்ஸ் ஃப்ராஸ்ட் அற்புதமான ஆட்டக்காரர், இருபதுகளின் தொடக்கத்திலேயே டோனி வாங்கினார். அவர் உடம்பில் குறையே இல்லை. குறை காலண்டரில் இருக்கிறது. நாடகத்தில் மாத்திரை வருகிறது, அப்பாவின் அடி வருகிறது. துன்பப்பட்டவர் என்று காட்டச் சம்மதிக்கிறார்கள், அவரால் யாராவது துன்பப்பட்டார்களா என்று கேட்கச் சம்மதிக்கவில்லை.

இது புதுசும் இல்லை. 1964-இல் 'ஃபன்னி கேர்ள்' முதலில் வந்தபோது தயாரிப்பாளர் ரே ஸ்டார்க், ஃபேனி ப்ரைஸின் மருமகன். அதில் வருகிற சூதாடிக் கணவர் நிக் ஆர்ன்ஸ்டீன் அவருக்கு மாமனார், அப்போது உயிரோடு வேறு இருந்தார். மாமனாரை எவ்வளவு மோசமாகக் காட்ட முடியும்? மேடை ஆர்ன்ஸ்டீன் மரியாதைக்கார அழகனாக வந்து போவதில் ஆச்சரியமில்லை.

'ஜெர்சி பாய்ஸ்' இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கிறது. அது ஃபோர் சீசன்ஸ் என்ற பாட்டுக் குழுவின் கதை. குழுவில் நாலு பேர், நாலு பேரும் ஆளுக்கொரு பங்கு கதை சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார். யாருக்கு முழு உண்மை தெரியும் என்று நாடகமே உரிமை கொண்டாடுவதில்லை.

நவம்பர் 3

தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மௌனப்பட நகைச்சுவை நடிகை மேபல் நார்மண்டைப் பற்றிய 'மேக் அண்ட் மேபல்' 1974-இல் பிராட்வேயில் 66 காட்சியோடு படுத்துவிட்டது. கதையில் போதை, கொலை வழக்கின் நிழல், அகால மரணம். இசை ஜெர்ரி ஹெர்மன், அத்தனை பாட்டும் தேன். 1982-இல் டோர்வில், டீன் என்ற பிரிட்டிஷ் பனிச்சறுக்கு நடன ஜோடி அதன் இசைக்கு ஆடி உலக சாம்பியன் ஆனார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 'இது என்ன இசை' என்று தேடப் போய், 1995-இல் லண்டனில் நாடகமே திரும்பி வந்தது. மேடையில் தோற்றதைப் பனிக்கட்டி காப்பாற்றியது.

நவம்பர் 8

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: 'சரி, மிமிக்ரி என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் அழிந்தவர்களைத் திரும்பத் திரும்ப அழிய வைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?'

இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. 1997-இல் வந்த 'சைட் ஷோ'வை மட்டும் சொல்கிறேன். உடல் ஒட்டிப் பிறந்த டெய்சி, வைலட் ஹில்டன் சகோதரிகளின் கதை. குழந்தையிலிருந்தே காட்சிப்பொருளாக மேடையேற்றப்பட்டவர்கள். கடைசிக் காலத்தில் வட கரோலினாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்து, 1969-இல் இறந்தார்கள். ஆலிஸ் ரிப்ளி, எமிலி ஸ்கின்னர் இருவரும் ஒட்டு உடை எதுவும் இல்லாமல், இடுப்போடு இடுப்பு வைத்து நின்றே அந்த ஒட்டுதலைக் காட்டினார்கள். ஒருத்தி மூச்செடுத்தால் இன்னொருத்தியின் தோளும் ஏற வேண்டும். டோனிக்குப் பரிந்துரைத்தபோது இருவரையும் சேர்த்து ஒரே பெயராகப் போட்டார்கள். நாடகம் மூன்று மாதம்கூட ஓடவில்லை. ஆனால் அந்தச் சகோதரிகளை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் என்றால், அவர்களாக ஒரு மணி நேரம் மூச்செடுத்துப் பார்த்தவர்கள் இந்த இருவர்தானே. அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நவம்பர் 9

'மூன்று மாதம்' சரிதான், 91 காட்சி. 'ஒரு மணி நேரம்' தவறு. முழுநீள நாடகம் அது.

நவம்பர் 15

எங்கள் குழு அந்தப் பழைய நாடகத்தை ஜனவரியில் மறுபடி போடுகிறது. அதே பாடகி வேஷம், எனக்கே. நேற்றுதான் முதல் ஒத்திகை. டம்ளர், ஸ்ட்ரா சகிதம் போனேன். குமிழ் சீராக வந்தது.

நான்கு காட்சி என்று அட்டவணை போட்டிருந்தார்கள். இரண்டாவது காட்சிக்கு இன்னொருவர் வேண்டும் என்று கேட்டேன். குழுவில் ஒரு சின்னப்பெண் இருக்கிறாள், என் குரலுக்கும் அவள் குரலுக்கும் சம்பந்தமே இல்லை, கீழ் ஸ்தாயி கனம். என்னைப் பார்த்து நடிக்காதே, அந்தப் பாத்திரத்துக்கு ஏன் தாகமெடுக்கிறது என்று மட்டும் யோசி என்று சொல்லியிருக்கிறேன். முதல் பாட்டின் கடைசி வரியில் நான் மூச்சைக் கசியவிடுகிற இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை இரவுக் காட்சி அவளுடையது. நோட்டீசில் அவள் பெயரும் என் பெயரும் ஒரே எழுத்து அளவில் வரும். அன்றைக்கு நானும் அக்காவும் மூன்றாவது வரிசையில் இருப்போம்.